மூன்றாய் மடித்த சீட்டு

சனவரியில் கட்சிக்குள் நடந்த அதிபர் வேட்பாளர் தேர்வோடு எங்கள் கட்சி இரண்டாகப் பிளந்தது. என் தம்பி ஒனோரே ஆதரித்தவர் தோற்றார், நான் ஆதரித்தவர் வென்றார்.

"இனிமே இந்தக் கட்சிக்கு என் ஓட்டு கிடையாதுக்கா. ஆள விடு!" என்றான் காபிக்கடையில்.

"துரோகி!" என்று எல்லார் முன்னிலையிலும் கத்தினேன். எனக்கு வாய் நீளம். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் தலைவர்கள் ஒவ்வொருவராக டிவியில் தோன்றி வேறு கட்சி வேட்பாளரைக் கட்டிப்பிடித்தார்கள். நான் தனியாகச் சுவரொட்டி ஒட்டினேன், தனியாகத் துண்டறிக்கை மடித்தேன். முப்பது வருடமாக அதை நாங்கள் இருவரும்தான் மடிப்போம். ஒனோரே மூன்றாக மடித்து, நுனியை உள்ளே செருகிவிடுவான். காற்றுக்குப் பிரியாதாம்.

வாக்களிக்கும் ஞாயிறு காலை, வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் எனக்குப் பயம் வந்துவிட்டது. நம் ஆள் எப்படியும் தேற மாட்டார், அந்தத் தீவிர வலதுசாரி வேட்பாளர், முதல் இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டால்? கட்சிக் கிளையின் செயலாளர் நான், அவரைத் தடுக்கக்கூடிய வேறொருவர் பெயர் அச்சிட்ட சீட்டை எடுத்து வாக்கு உறையில் போட்டேன்.

மாலை ஏழு மணிக்கு ஊர் மன்றத்தில் பெட்டியைத் திறந்தார்கள். சீட்டைப் பிரித்துப் பெயர் படிப்பது என் வேலை. நாற்பது வருடமாக எங்கள் கட்சி தோற்றறியாத ஊர். ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று உறைகள் தீர்ந்துகொண்டே வந்தன, எங்கள் ஆள் பெயர் வரவேயில்லை. ஒரு ஊரே, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல், ஒரே நாளில் எங்களை விட்டுப் போயிருந்தது. கோபம்கூட வரவில்லை. மலை சரிவதைப் பார்த்தவள்போல அடுத்தடுத்த உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக்குச் சற்று முன் ஒரு சீட்டு வந்தது. மூன்றாக மடித்து, நுனி உள்ளே செருகியிருந்தது.

பிரித்தேன். எங்கள் வேட்பாளர்.

"அப்பாடா, நம்ம செயலாளர் ஒதில் ஓட்டு வந்துருச்சு!" என்று யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, மன்றமே சிரித்தது.

மேயர் அம்மா முடிவைப் படித்தார். நூற்றுத் தொண்ணூறில் எங்களுக்கு ஒன்று.

சுவரோரம் நின்ற ஒனோரே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் இரண்டை எதிர்பார்த்திருந்தான், தன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஒன்றுதான் என்றால் அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துரோகி என்ற சொல் திரும்பி வரப்போகிறது என்று தலைகுனிந்தேன்.

"பின்ன என்ன?" என்றான் எல்லார் காதிலும் விழும்படி. "ஊரே ஓடிப்போனாலும் எங்கக்கா ஓடுவாளா? அவ ஓட்டுதான் அது."

முதல் ஆளாய்க் கைதட்டியதும் அவன்தான்.