அஷ்டமி தள்ளிப் போன வருடம்

பகலில் ஒரு பாதி நிலா. பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே, வெயிலில் வெளுத்து, பாதியாய் உடைத்த அப்பளம் போல.

யாரும் அதைப் பார்ப்பதில்லை. மருதேவி பார்ப்பாள்.

பாதி நிலா என்றால் அஷ்டமி. அஷ்டமி என்றால் அம்மாவுக்கு நோன்பு. சோறு இல்லை. தண்ணீரும் இல்லை. மறுநாள் வெயில் ஏறும் வரை எதுவும் இல்லை.

மாதத்தில் நான்கு நோன்பு. இரண்டு அஷ்டமி, இரண்டு சதுர்த்தசி. ஒரு முனிவரின் முன்னால் கைகூப்பி, உயிருள்ளவரை என்று சொல்லி ஏற்றது. அப்போது அம்மா பிரபாவதிக்கு முப்பது வயது. சர்க்கரை நோய் இல்லை. கண் மங்கவில்லை. கணவர் இருந்தார்.

இப்போது ஆற்காட்டில் ஒரு வாடகை வீடு. அந்தத் தெருவில் சமணர் வீடு அது ஒன்றுதான். அம்மா, மகள், ஒரு தையல் மெஷின். சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர்.

*

தீபாவளி விடியலில் அது நடந்தது.

ஊருக்கு வெடி. அவர்களுக்கு விளக்கு. மகாவீரர் வீடுபேறு அடைந்த விடியல் அது. முதல் நாள் சதுர்த்தசி, முழுப் பட்டினி. அம்மா அகலோடு வாசல் வரை வந்தாள். வாசலில் நின்றாள். பிறகு நிற்கவில்லை.

அகல் உருண்டது. சேலைத் தலைப்பு கருகியது. தெருவில் சரவெடி. மருதேவி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு தௌலத் அக்காவைத் தவிர.

"இனிமே பட்டினி கிடந்தா கண்ணும் போயிடும், உசுரும் போயிடும்" என்றார் டாக்டர். அம்மா தலையாட்டினாள். எல்லாருக்கும் தலையாட்டுவாள். நோன்பை விடமாட்டாள்.

*

கார்த்திகை மழை. காலண்டர் தாள் ஈரத்தில் சுருண்டிருந்தது. அம்மா அதன் முன் நின்று கண்ணைச் சுருக்கினாள். தாள் வெள்ளை. எழுத்தும் வெள்ளை.

"தேவி, நாளைக்குத்தானே அஷ்டமி?"

காலையில் மருதேவி அம்மாவின் விரலில் ஊசி குத்தியிருந்தாள். சர்க்கரை பார்க்கும் மெஷின் காட்டிய எண் மிகக் குறைவு. நாளை பட்டினி கிடந்தால் நாளை மறுநாள் இல்லை.

"இல்லம்மா. வெள்ளிக்கிழமை."

அவ்வளவுதான். ஒரு சொல். மழை பெய்துகொண்டே இருந்தது. வானத்தில் எங்கோ, மேகத்துக்குப் பின்னால், ஒரு பாதி நிலா நகர்ந்தது.

*

அதன் பிறகு நிலா மருதேவியின் கையில்.

சர்க்கரை நன்றாக இருக்கும் நாளில் அஷ்டமி வந்தது. மயக்கம் வரும்போல் இருக்கும் நாளில் அஷ்டமி தள்ளிப் போனது. இரண்டு நாள், மூன்று நாள். தள்ளித் தள்ளி மாதத்துக்கு இரண்டு நோன்பு காணாமல் போயின.

கண்டுபிடிக்கக்கூடியவர் ஒருவர்தான். தௌலத் அக்கா. அவரும் மாதம்தோறும் பிறை பதிமூன்றில் தொடங்கி மூன்று நாள் நோன்பு வைப்பவர். அந்த முதல் நாளில்தான் அம்மாவின் சதுர்த்தசியும் பெரும்பாலும் வரும். "ரெண்டு வீட்டு அடுப்பும் ஒண்ணா லீவு" என்று சிரிப்பார்கள். ஆனால் அக்கா, மகளின் பிரசவத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும், வாணியம்பாடி போயிருந்தார்.

அம்மா தவறவிட்ட ஒவ்வொரு நாளின் தாளையும் மருதேவி குப்பையில் போடவில்லை. மடித்து, தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். ஏன் என்று தெரியவில்லை. எறிந்தால் அந்த நாள் உண்மையிலேயே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

பொய் பாவம். உயிர் போக விடுவது அதைவிடப் பாவம். இரண்டையும் ஒன்றாக நிறுத்திக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

*

மாசியில் ஒரு சதுர்த்தசி. அதை நகர்த்த முடியவில்லை.

முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் வீடுபேறு அடைந்த ஜினராத்திரி. அதே நாள் ஊருக்குச் சிவராத்திரி. விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி. அம்மா புன்னகைத்தாள். "இன்னிக்கிதான்னு ஊரே சொல்லுதே."

அன்று முழுவதும் மருதேவி தைக்கவில்லை. குளுக்கோஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் மூச்சை எண்ணினாள்.

*

சித்திரை வெயில். அட்சய திருதியை. கடைவீதியில் நகைக்கடைக் கூட்டம். மருதேவி கரும்புச்சாறு வண்டியின் முன் நின்றாள்.

ஆதிநாதர் ஓராண்டுக்கு மேல் பசியோடு வீடு வீடாக நடந்தார். யானை கொடுத்தார்கள். ரத்தினம் கொடுத்தார்கள். பெண் கொடுத்தார்கள். பசிக்குச் சோறு கொடுக்க ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு அரசகுமாரன் கரும்புச்சாறு வார்த்தான், இந்த நாளில்.

கொடுக்கத் தெரியாத ஊர். சின்ன வயதில் அந்தக் கதைக்கு மருதேவி அழுவாள். இப்போது அழவில்லை. எனக்கும் தெரியவில்லை என்று மட்டும் நினைத்தாள்.

"ஒரே ஒரு வாய்" என்று, அவள் வாங்கி வந்த சாற்றில் அரை டம்ளர் குடித்துவிட்டாள் அம்மா. மறுநாள் மெஷின் முந்நூறு காட்டியது. அஷ்டமிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பட்டினியில் சர்க்கரை இறங்கட்டும் என்று, மருதேவியின் சொல்லில் அது அன்றே வந்துவிட்டது.

*

ஆவணியில் தௌலத் அக்கா திரும்பினார். பேரனின் புகைப்படம், ஒரு பை மாம்பழம், நிறையப் பேச்சு.

நேராக அடுக்களைக்குள் வந்தார். அடுப்பில் உப்புமா.

"ஏன்க்கா, இன்னிக்கி எனக்குப் பிறை பதிமூணு, நோம்பு. உனக்கு இல்லியா? ஒண்ணா பட்டினி கிடக்கலாம்னு ஓடி வந்தா, நீ உப்புமா கிளறிட்டிருக்கே!"

அம்மாவின் கையில் கரண்டி நின்றது.

"நேத்து ராத்திரி பாத்தியா, எம்மாம் பெரிய நெலா" என்றார் அக்கா. பிறகு மருதேவியின் முகத்தைப் பார்த்தார்.

உப்புமா தீய்ந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

மருதேவி இழுப்பறையைத் திறந்தாள். தாள்களை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். பத்தொன்பது.

"கண்ணு மங்குனதைத் தாங்கிக்கிட்டேன்டி" என்றாள் அம்மா. "என் நாளையுமா மங்க வச்சே?"

*

அதன் பிறகு அம்மா அவளிடம் நாள் கேட்கவில்லை.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பாள். "தௌலத்து, நெலா எப்படி?" விரலை மட்டும் மருதேவியிடம் நீட்டுவாள். வேறு யாரோ ஒருத்தியின் விரல் போல.

தசலட்சணப் பண்டிகையின் பத்து நாளும் மழை. தினம் ஒரு அறம். முதல் நாள் பொறுமை. மூன்றாம் நாள் நேர்மை. அன்று அம்மா வழிபாட்டு வரிகளைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நூல் அறுந்தது. மருதேவி கோத்தாள். மறுபடி அறுந்தது.

பத்தாம் நாள் அனந்த சதுர்த்தசி. முழுப் பட்டினி. மாலையில் அம்மாவின் உதடு வெளுத்தது. மருதேவி குளுக்கோஸ் டப்பாவைத் திறந்தாள். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். இல்லை.

விடிந்தது. அம்மா இருந்தாள்.

*

அன்று மன்னிப்புக் கேட்கும் நாள். பட்டினி முடித்த கஞ்சியின் ஈரம் உதட்டில் இருக்க, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"தெரிஞ்சும் தெரியாமலும் எதுனா செஞ்சிருந்தா பொறுத்துக்கம்மா."

"வருசா வருசம் என்னை அழ வைக்கிறதே உனக்கு வேலையாப் போச்சுக்கா" என்றார் தௌலத் அக்கா, மூக்கைச் சிந்தியபடி.

பால்காரரிடம் கேட்டாள். முருங்கை மரத்தைத் தொட்டுக் கேட்டாள். குழாயடி எறும்புகளிடம் குனிந்து கேட்டாள்.

மருதேவி வாசல்படியில் நின்றிருந்தாள். கைகூப்பி நின்றிருந்தாள். அம்மா அவள் தோளில் உரசி, உள்ளே போனாள்.

*

எட்டு நாள் கழித்து ஒரு காலை. இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மா பின்கட்டில் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம். அம்மா அந்தப் பக்கம் கூப்பிடவில்லை.

"தேவி. மேல என்ன தெரியுது?"

மருதேவி நிமிர்ந்தாள். ஒரு சொல் போதும். மேகம் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் பழகிய பாதையில் நாக்கு வரை வந்தது.

"பாதி" என்றாள். "தேய்ஞ்ச பாதி. அஷ்டமிதாம்மா."

முருங்கை இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். பிறகு அம்மாவின் கை நீண்டது.

"மெஷினை எடுத்துட்டு வா."

ஊசி. ஒரு துளி சிவப்பு. அந்த எண்ணையும் மருதேவி உள்ளபடி சொன்னாள். "அறுபத்தெட்டு."

"எந்த நாள்னு நீ சொல்லு" என்றாள் அம்மா. "நோம்பை நான் சொல்றேன். எனக்குப் பதிலா நீ சொல்லாதே." மூச்சு வாங்கினாள். முப்பது வயதில் கைகூப்பிச் சொன்ன ஒன்றை உள்ளுக்குள் எங்கோ தளர்த்துகிறாள் என்பது அவள் விரல்கள் சேலை நுனியை முறுக்கியதில் தெரிந்தது. "பாதி நெலாவுக்குப் பாதி நோம்பு. ஒரு வேளைக் கஞ்சி. இப்பவே வை."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மருதேவியும் கேட்கவில்லை. சதுர்த்தசிக்கு இன்னும் ஆறு நாள். அன்று அம்மா என்ன சொல்வாள் என்று தெரியாது.

வெயில் ஏறியது. அம்மா நிலாவைத் தேடி, அது இல்லாத பக்கமாக அண்ணாந்திருந்தாள்.

நிலா அதன் இடத்தில் இருந்தது. வெளுத்து, பாதியாய், தகரக் கூரைக்கு மேலே. மருதேவி அம்மாவின் தாடையைத் தொட்டு, முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினாள்.