அழுகையை அடக்கியவள்

அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். தங்கை வேறொரு ஊரில், ஆய்வுக்கூடமொன்றில் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்து ஆராய்ந்தாள். அப்பா அம்மா போனபின் இருவருக்கும் வேறு நாதியில்லை.

கணவன் விட்டுப்போன மறுவருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. சட்டென்று பரவுகிற, மருந்துக்கு அடங்காத வகை. தங்கை விடுப்புப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அக்கா கதவைத் திறந்தாள், "வா" என்றாள், போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்புறம் பேச்சே இல்லை. ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே தங்கை கேட்டுவிட்டாள். "என் மேல கோபமாக்கா?"

"உன் மேல என்னடி கோபம்? இது நானே தேடிக்கிட்டது. மனசைப் போட்டு அலட்டிக்காதேன்னு எல்லாரும் சொன்னாங்க, கேட்டேனா? டாக்டரே ஸ்ட்ரெஸ்தான் கட்டியை மோசமாக்குதுன்னாரு."

தங்கை மடித்த துணியைக் கீழே போட்டாள்.

"ஐயோ, அவர் சொன்னது செல்லுக்கு வர்ற ஸ்ட்ரெஸ், அக்கா! கட்டி கிடுகிடுன்னு வளருது, ரத்தம் எட்டல. உள்ள ஆக்சிஜன் இல்ல, சாப்பாடு இல்ல. சாதாரண செல்லுன்னா அதோட செத்துடும். இது சாகாது. வேலையைக் குறைச்சுக்கும், பழுதைச் சரிபண்ணிக்கும், மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். அப்படித் தப்பிச்சதுதான் மருந்துக்கும் மசியாம மத்த இடத்துக்கும் பரவுது. தினம் செல் வளக்கற என் கண்ணாடித் தட்டுல பாக்கறேனே. அந்தத் தட்டுக்கு ஏது மனசு? எந்தப் புருஷன் விட்டுட்டுப் போனான்?"

அக்கா மெல்லத் திரும்பினாள். "அப்ப... நான் அழுததால இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அழுதா இன்னும் பெருசாயிடுமோன்னு பயந்துக்கிட்டு, இத்தனை மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்டி. உன் முகத்தைப் பாத்தா அழுகை வந்துடும்னுதான் சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

அன்று அக்கா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி" என்றாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

நோய் எதற்கும் மசியவில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அக்கா போய்ச்சேர்ந்தாள்.

சாமான்களை ஒழித்துவிட்டு, தங்கை சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கப் போனாள்.

"கடிதம் கிடிதம் வந்தா யார்கிட்டம்மா கொடுக்கறது? உங்க வீட்டு ஆளுங்க வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

அந்தச் சொல்லை அவள் முதல்முறையாகச் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.