சூப்பர்வைசர் என்று சொன்னேன்

பொண்ணு கேட்டுப் போன வீட்டில், மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் என்ன வேலை என்று பொண்ணோட அத்தா பாரூக் கேட்டார். ஓட்டலில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி நசீம் பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

என் மகன் பைசல் அங்கே ஒரு கிளப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறான். கோச் என்பார்கள். நான் பேகம்பூர் தோல் மண்டியில் உப்புத்தோல் தூக்கியே முதுகு வளைந்தவன். அரைக்கால் சட்டை போட்டு விசில் ஊதுகிறவனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வருது என்பதை நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. அப்புறம் மண்டி முதலாளி பாரூக் எப்படி நம்பிப் பொண்ணு கொடுப்பார்?

மாப்பிள்ளையிடம் ரெண்டு வார்த்தை பேசணும் என்றார் பாரூக். போன் போட்டு, தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்தேன். வீடியோவில் பைசல் வந்தான். முகமெல்லாம் வேர்வை, கழுத்தில் விசில், பின்னால் பச்சைப் புல். அவன் சலாம் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஏப்பா, ஓட்டல் டூட்டி முடிஞ்சிருச்சா? நீ சூப்பர்வைசர்னு இப்பத்தான் மாமாகிட்டச் சொன்னேன்."

 அவன் போனைத் திருப்பினான். புல் போய் வெள்ளைச் சுவர் வந்தது. விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆமா மாமா. அத்தா சொன்னதுதான்."

பொய் சொல்லிப் பிடிபட்டவன் மாதிரி இருந்தது அவன் குரல். சொன்னவன் நான்.

பாரூக் இன்னும் ஏதேதோ கேட்டார், அவன் எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டுப் போனைச் சுவரைப் பார்க்கக் கீழே சாய்த்து வைத்தான். பாரூக்குக்குத் திருப்தி. சீனித் தட்டு வந்தது. ரெண்டு பக்கமும் சீனியை வாயில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற்ற முடியாது.

ஆளுக்கு ஒரு கை அள்ளினோம். அப்போதுதான் கூடத்தில் விசில் சத்தம் கேட்டது. பைசல் போனை அணைக்கவே இல்லை.

"ரைட்ல ஓடுறா அப்பு, ஓடு! பந்தப் பாரு!"

என் வீட்டுக்குள் ஒருநாளும் நான் கேட்காத குரல். கோச், கோச் என்று பிள்ளைகள் கத்துகிறார்கள்.

பாரூக் கைச்சீனியை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார். நசீம் பானுவும் பார்த்தாள். போனை எங்கே தொட்டால் அணையும் என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை. உள்ளங்கையில் சீனி பிசுபிசுத்தது. சொம்பில் சாய்ந்திருந்த போனுக்குள், அந்த வெள்ளைச் சுவரில் ஒரு பந்து வந்து முட்டி நின்றது. அதை எடுக்க, முழங்கால்வரை புல்லும் மண்ணும் அப்பிய ரெண்டு பொடிக் கால்கள் ஓடி வந்தன.