இரவல் கை

பதினாறு தாள்களையும் என் மடியில் வைத்துவிட்டு ரேடியோ அக்கா எதிர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள். “என் கை எழுதினதை என் கையே படிக்கட்டும்” என்றாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஒதுக்கிய சின்ன அறை அது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, எழுத்துகளை உரக்கப் படிக்கும் ஒரு கணினி. தட்டச்சு செய்தவற்றை அது கடகடவென்று படித்துவிடும். கையெழுத்து என்றால் அதற்கு விளங்காது. பல்கலைக்கழகம் அனுப்பிய விடைத்தாள் நகலை முதலில் அதனிடம்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். “ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘படம்’னு ஒரு தடவை சொல்லுது. பதினாறு தடவை சொல்லிட்டுப் படுத்துக்கிச்சு” என்று சிரித்தாள்.

அவள் முதுகலை வரலாறு, இறுதியாண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் விடுதியில் அந்தப் பெயர். யாராவது முகத்துக்கு நேரே சொன்னால், ஸ்டேஷன் மாற்ற முடியாது, வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள் என்பாள். நான் இளங்கலை கணிதம், முதலாண்டு. தேர்வில் அவளுக்காக எழுதுபவர் கீழ்வகுப்பில் படிக்க வேண்டும், அதே பாடம் படிக்கக் கூடாது என்பது விதி. விடுதிக் காப்பாளர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னை அனுப்பினார். முதல் தேர்வன்றே அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, “இனிமே நீ ஆள் இல்ல, என் கை” என்றாள். அன்றிலிருந்து விடுதி சாப்பாட்டு வரிசையில்கூட, என் கை வந்துவிட்டதா என்றுதான் கேட்பாள். நாலு தேர்வும் முடிந்தபின், சேவை மனப்பான்மைக்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்து, என் புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அம்மா அதைத் தன் தங்கைகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

இப்போது விஷயம் ஏழு மதிப்பெண். ஆராய்ச்சிப் படிப்பில் சேர ஐம்பத்தைந்து விழுக்காடு வேண்டும். இரண்டாயிரத்துக்கு ஆயிரத்து நூறு. அவள் எடுத்திருந்தது ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று. நாலாவது தாளில், அவள் பெரிதும் நம்பியிருந்த ஒன்பதாவது கேள்விக்கு இருபதுக்கு ஆறுதான் போட்டிருந்தார்கள். மறுமதிப்பீட்டுக்கு மறுநாள் மாலையோடு கெடு முடிகிறது. அந்த விடையில் திருத்தியவர் எதைத் தவறவிட்டார் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். சாப்பாட்டு வரிசையில் அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாலாவது தேர்வை அலுவலகத்துக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையில் எழுதினோம். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், எங்களுக்கு நாலு. மேற்பார்வைக்கு வந்தவர் ஜன்னலோரம் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். மூன்றாவது மணி நேரத்தில் என் கட்டைவிரல் மரத்துப்போனது. மறுநாள் காலை எனக்கு வகைநுண்கணிதத் தேர்வு. ஒரு பாடம் முழுவதும் படிக்காமல் கிடந்தது. ஒன்பதாவது கேள்வி பஞ்சங்களைப் பற்றியது. அக்கா கண்ணிமைகள் துடிக்கப் பேசிக்கொண்டே போனாள். கிடங்குகள் நிறைந்திருந்தன, தானியம் இல்லாமல் யாரும் சாகவில்லை, நிறைந்த கிடங்குக்கு வெளியே அதை வாங்க வழியில்லாமல்தான் செத்தார்கள் என்று தொடங்கி, மூன்று பஞ்சங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மாதம் விலை ஏறியது, எந்த மாதம் சாவு ஏறியது என்று அடுக்கினாள். நான் எழுதினேன்: “பஞ்சத்திற்கு விலையேற்றமும் ஒரு காரணமாகும்.” அந்த மூன்று பஞ்சங்களில் ஒன்றின் பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். திருத்துகிறவர்கள் குறிப்புகளைத்தான் எண்ணுவார்கள், கதையைப் படிக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். சொற்கள் காதில் சூடாக இருந்தன. தாளில் இல்லாததையெல்லாம் தாளைப் பார்த்தபடியே ஒப்பித்தேன். “அட, அப்படியே வந்திருக்கு” என்றாள். திருடியதாகவே தோன்றவில்லை. யாரோ தூக்கச் சொன்ன மூட்டையைக் கொஞ்சம் இளைக்க வைத்ததாகத்தான் தோன்றியது.

இப்போது நூலக அறையில் முதல் எட்டு விடைகளையும் உள்ளபடியே படித்தேன். அங்கங்கே நிறுத்தி, இது சுமார், இது தேவலை என்று தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டாள். ஒன்பதாவது வந்தது. முக்கால் பக்கம். இரண்டு மாதத்துக்கு முன் காதில் இருந்த சொற்களைத் தேடினேன். கிடங்கு கிடைத்தது, மாதங்கள் கிடைக்கவில்லை. தெரிந்ததை வைத்து ஒட்டுப்போட்டு, குரலை மட்டும் தாழ்த்தாமல் படித்துக்கொண்டே போனேன். குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கேட்டாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை.

“எத்தனை பக்கம்டி அது?” என்றாள் கடைசியில்.

இரண்டு என்றேன். பிறகு ஒன்றரை என்றேன். கையை நீட்டி, அந்த விடை இருக்கும் தாளை மட்டும் கேட்டு வாங்கினாள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தடவினாள். நகல் வழுவழுவென்றிருந்தது, அதில் அவளுக்கு எதுவும் தட்டுப்பட்டிருக்காது. ஆனாலும் தடவினாள்.

“ஒன்பதாவதுக்கு நான் பேசினது இருபத்தஞ்சு நிமிஷம். கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஒன்றரைப் பக்கம்கிற, ஆனா படிச்சு முடிக்கிற வரைக்கும் நீ ஒரு தடவைகூடத் தாளைத் திருப்பல. நீ கணக்கு படிக்கிற பொண்ணு, நீயே சொல்லு.”

தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

“இப்ப அதுல என்ன இருக்கோ அதைப் படி. உன்னோடதைப் படி.”

படித்தேன். பதினேழு வரி. படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ‘விலையேற்றமும் ஒரு காரணமாகும்’ என்ற இடத்தில் அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

“கை வலிச்சுதுக்கா” என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

“வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் எனக்குன்னா நினைச்ச? எனக்குப் பேச மூணு மணி நேரம் தாராளம். அது உன் கைக்குக் குடுத்ததுடி.”

காப்பாளரிடம் போய் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று தெரிந்தால் அந்தத் தாள் மட்டுமல்ல, நான் எழுதிய நாலு தாளுமே செல்லாது. விதியில் அப்படித்தான் இருக்கிறது, தேர்வுக்கு முன்பே கணினியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தேர்வெழுதத் தடை வந்து எனக்கு ஒரு வருடம் போகும், அவளுக்கு இரண்டு. “நீ யோக்கியமாகறதுக்கு நான் எதுக்கு ரெண்டு வருஷம் குடுக்கணும்?” என்றாள். குரலில் கோபம் இல்லை. கடைக்காரரிடம் விலை கேட்பவள் போலக் கேட்டாள்.

பையிலிருந்து மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். பெயர், பதிவு எண், தாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு சொல்லாக, காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுத வைத்தாள். ஒன்பதாவது வினாவுக்கான விடை சுருக்கமாக இருப்பினும், காற்புள்ளி, தேவையான கருத்துகள் யாவும் அதில் உள்ளன, முற்றுப்புள்ளி. தான் சொல்லாத பதினேழு வரிக்காக அவள் வாதாடுவதை நான் என் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடவில்லை.

“கீழ கையெழுத்துக்கு மேல ஏதோ உறுதிமொழி இருக்குமே. என்ன போட்டிருக்கு?”

படித்தேன். “இவ்விடைத்தாளில் உள்ளவை அனைத்தும் என்னால் கூறப்பட்டவையே என்றும், எழுதுபவர் தாமாக எதையும் சேர்க்கவோ நீக்கவோ இல்லை என்றும் உறுதியளிக்கிறேன்.”

“முழுசா படிச்சியா?”

“முழுசா படிச்சேன்.”

கைப்பையில் துழாவி ஒரு தடித்த அட்டையை எடுத்தாள். நடுவில் விரல் நீளத்துக்குச் செவ்வகமாக ஒரு துளை வெட்டியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் அதைச் சரியாக வைக்கச் சொன்னாள். வைத்தேன். நகராமல் இருக்க இரண்டு ஓரங்களிலும் விரலால் அழுத்திக்கொண்டேன். அவள் இடதுகையால் துளையின் விளிம்பைத் தொட்டு அளந்தாள். என் விரலில் பட்டதும் அவள் கை ஒருகணம் நின்று, பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போனது. பேனாவைத் துளையின் இடது ஓரத்தில் ஊன்றினாள். எழுதவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அட்டையை அழுத்திப் பிடித்திருந்தேன். பேனா முனை நின்ற இடத்தில் மை மெல்ல ஊறி, அவள் பெயரின் முதல் எழுத்து தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.