இருபத்தாறு குழாய்களும் ஒரு மெழுகு உருளையும்

ஆசியக் கண்டத்தின் ஒப்பற்ற ஒலிப்பொறிக் காவலர், இசைப்பெட்டகப் பேரரசர், திருச்செங்கோட்டின் தவப்புதல்வர், திருமிகு கந்தப்பன் அவர்கள் இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இவ்வுலக வாழ்வை நிறைவு செய்துகொண்டார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவித்துக்கொள்கிறோம்.

வளவன் பந்தல் காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பிளெக்ஸ் கடைக்காரனுக்கு இதைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். இறந்தவரின் தங்கை மகன். மைதிலி இறந்தவருக்கு ஒரே மகள். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்து இறங்கி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் ஆரம்பிக்கவில்லை.

“ஆசியா எங்கீங்க மாமா வந்துச்சு?”

“நாமக்கல் மாவட்டம்னு போட்டா எடுப்பாவா இருக்கும் அம்மிணி? அதுக்கு அவரு சாகாமயே இருந்திருக்கலாம்.”

கந்தப்பன் முப்பது வருஷம் போர்வெல் ரிக் வண்டி வைத்து ஆந்திராவையும் ஒடிசாவையும் ஓட்டை போட்டவர். போர் போடப் போன ஊர்களின் பழைய பங்களாக்களில், சாவி கொடுத்துப் பாடவைக்கிற, பித்தளைக் குழாய் வைத்த பாட்டுப் பெட்டிகள் கண்ணில் பட்டால் விடமாட்டார். மெத்தையில் சுற்றி லாரியில் ஏற்றிவிடுவார். மொத்தம் இருபத்தாறு. பொட்டுத் துரு கிடையாது; ஒரு திருகு மாறியது கிடையாது. கையுறை போடாமல் யாரும் தொடக் கூடாது. மனைவி உயிரோடிருந்தவரை அவளும்தான். இத்தனை சிறப்புக்கு நடுவில் ஒரே ஒரு சின்னக் குறை: ரிக் கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பேரரசர் தம் சாம்ராஜ்யத்தில் ஒரு பாட்டும் கேட்காமலேயே ஆண்டுகொண்டிருந்தார்.

போன் பேச்சும் அதனால்தான் கெட்டது. “எங்க ஊட்டுக்கே வந்துருங்கப்பா” என்று எட்டு மாதத்துக்கு முன்னால் மைதிலி தொண்டை கிழியக் கத்தினாள். நாலாவது தடவைதான் கேட்டது.

“பொட்டிகள எங்க வெக்கறது?”

“அத யாருக்காச்சும் குடுத்துட்டு வாங்கப்பா.”

இது மட்டும் முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டார். அவளும் வரவில்லை. பிள்ளைகளின் டியூஷன், மாமியாரின் முட்டிவலி என்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காரணமா கிடைக்காது?

வீட்டுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த மாரியாயிதான், காபியை நீட்டியபடி சொன்னாள். “ஒரு மாசமா சாயங்காலமானா அந்தக் கொழாய்க்குள்ள மூஞ்சிய வெச்சுப் பேசிட்டிருந்தாருங்க. புத்தி கலங்கிருச்சாட்டத் தெரியுதுன்னு நான் பயந்துட்டனுங்க.”

“என்ன பேசுனாரு?”

“கதவச் சாத்திக்குவாருங்க. மைதிலி, மைதிலின்னு மட்டும் காதுல உழுந்துச்சுங்க. நேத்துங்கூட.”

மைதிலி காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்தாறில் மூத்தது மூலையில் இருந்தது. அதற்கு இசைத்தட்டு கிடையாது. டம்ளர் உயரத்தில், நடுவே ஓட்டையான பழுப்பு மெழுகு உருளைதான். பாட மட்டுமில்லை, கேட்டுக்கொள்ளவும் தெரிந்த இயந்திரம் அது. குழாய்க்குள் பேசினால் முள் மெழுகில் கீறிக்கொண்டே போகும். அந்தக் கீறலில் மறுபடி ஓட்டினால் பேசினது திரும்பி வரும். பத்து வயதில் அப்பா அவளை ஒருமுறை அதில் பேசவைத்திருக்கிறார்.

உருளை ஏற்றியபடியே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நூல் நூலாகக் கீறல்.

சாவியில் கை வைத்தாள். “அம்மிணி, வாய்க்கரிசி போடோணும், வா” என்று வளவன் கூப்பிட்டான். வாசலில் மைக்செட் வேறு அலறிக்கொண்டிருந்தது. இப்போது ஓட்டினாலும் எதுவும் கேட்காது. எல்லோரும் போகட்டும் என்று கையை எடுத்துக்கொண்டாள். எட்டு மாதம் காத்திருந்தது, இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்காதா.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். மைக்செட் நின்றது.

“தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வா சாமி. ஊடு வாசல் நான் பாத்துக்கறேன்” என்றாள் பாப்பாயி அத்தை, வளவனின் தாய். சாவு எடுத்த வீட்டைக் கழுவுவதில் அவளை மிஞ்ச ஆசியாவிலேயே ஆள் கிடையாது. சேலையைத் தூக்கிச் செருகினாள் என்றால் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேரும் வாளியோடு பின்னால் போய்விட வேண்டியதுதான்.

மைதிலி பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டாள்.

ஈரத் தலையோடு வெளியே வந்தபோது, கல்யாண வீட்டு அண்டாக்களைப் போல, வாசலில் குழாய்கள் அத்தனையும் வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. புளி போட்டுத் தேய்த்ததில் கண் கூசியது.

“தீட்டு ஊட்டுல ஒரு சாமானயும் கழுவாம வெக்கக் கூடாது கண்ணு” என்றாள் அத்தை. “எங்கண்ணன் இதுகள எத்தன அழுக்கா வெச்சிருந்துச்சு பாரு.”

மைதிலி குழாய்களுக்கு நடுவே தேடினாள். “அத்தே, அந்த மெழுகு...”

“டம்ளராட்ட இருந்துச்சே, அதா?” அத்தை அதை முந்தானையில் துடைத்து நீட்டினாள். “அதுலதான் சாமி ரொம்பப் பாடு. மேல பூராக் கீறலு. வெதுவெதுன்னு தண்ணி வெச்சு, தேங்கா நாருல மெல்ல மெல்லத் தேச்செடுத்தேன். தொட்டுப் பாரு, மொழுமொழுன்னு இருக்குது.”

தொட்டுப் பார்த்தாள். மொழுமொழுவென்றுதான் இருந்தது. அத்தையின் விரல்நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அண்ணன் போன சேதி கேட்டதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள்.

“நல்லா இருக்குதுங்க அத்தே.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஈரக் குழாயை மாட்டி, உருளையை ஏற்றி, சாவி கொடுத்து, முள்ளை இறக்கினாள். குழாயில் காதை வைத்தாள். எங்கோ யாரோ வாசல் பெருக்குகிற மாதிரி ஒரு சத்தம். முள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாக நகர்ந்து போய் நின்றது. எடுத்து, முதலிலிருந்து வைத்தாள்.

“பாடுதா சாமி?” கதவுக்கு வெளியே அத்தை.

“பாடுதுங்க அத்தே.”

இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை.