நூர் பாய் பிரித்த பந்தல்

ராயப்பேட்டையில் நூர் முஹம்மது பாய் பந்தல் போடாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்பார்கள். என்பார்கள் என்ன, அவரே சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர், நாற்பத்தெட்டாம் வருஷம், கெட்டிக்காரத்தனம் பண்ணுவதாக நினைத்துத் தெருவின் மைதானத்தையே கோட்டைவிடப் பார்த்தார்.

மைதானம் என்றால் தெருக்கோடியில் மூன்று ஏக்கர் சர்க்கார் மண், நாலு புளியமரம். அதை மனை போட்டு விற்பதா, இல்லை சர்க்கார் பணத்தில் வேலியும் தண்ணீர்க் குழாயும் போட்டு ஜனங்கள் விளையாட விட்டுவைப்பதா என்று பார்த்து எழுத, ஆபீசர் ரகுபதி சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சேதி.

பெரிய மனுஷர் வந்தால் பாய்க்குத் தெரிந்த மரியாதை பந்தல்தான். காலையிலேயே சவுக்குக் கம்பம் நட்டு, சிவப்புத் துணி கட்டி, ஜமக்காளம் விரித்து, மைதானத்தைச் சுற்றிக் கயிறும் கட்டிவிட்டார். கபடி ஆடுகிறவர்கள், குஸ்தி பழகுகிறவர்கள், காற்று வாங்க வரும் பெண்கள், எல்லாரும் கயிற்றுக்கு வெளியே.

"இன்னா பாய், எங்க கிரவுண்டுல எங்களியே வுடமாட்டேன்ற?" ஆற்றோரக் குடிசையிலிருந்து கைக்குழந்தையோடு வந்த தாயம்மா சண்டைக்கு நின்றாள்.

"சும்மா இரும்மா. ஆபீசர் வர்ற நேரத்துல தூசி கிளப்பாதே."

ரகுபதி வந்தார், சர்பத் குடித்தார், சுற்றிலும் பார்த்தார். "பந்தல் நல்லா இருக்கு பாய். ஆனா இங்கே ஒருத்தரும் விளையாடறதாத் தெரியலையே. கல்யாணம் நடத்தத்தான் இந்த இடமா? அப்ப மனை போட்டுடலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அட ஆண்டவனே, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாரே!

"ஐயா, கொஞ்சம் எந்திரிச்சு வெளியே வாங்க."

ரகுபதி வெளியே வந்ததுதான் தாமதம், பாய் முதல் கம்பத்தின் கயிற்று முடிச்சை உருவினார். விருந்தாளி நிற்கும்போதே அவர் பந்தல் பிரித்தது முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான். துணி சரசரவென்று சரிந்தது. "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? கயித்த அறுங்க! உள்ளே வாங்க!"

கேட்க வேண்டுமா? கபடிக்காரர்கள் பாய்ந்தார்கள். தாயம்மா குழந்தையை இறக்கித் தவழவிட்டாள். பாயின் சம்சாரம் ஜைதூன் பீ தெருப் பெண்களோடு புளியமர நிழலில் உட்கார்ந்தாள். கிளம்பிய தூசியில் ரகுபதியின் வெள்ளைச் சட்டை செம்மண் சட்டையாகிவிட்டது. மனுஷர் கோபிக்கவில்லை, சிரித்தார்.

"சரி, எழுதறேன். ஆனா பணம் வந்தா இது பொது இடம். இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் இங்கே பந்தல் கூடாது. தெரு சார்பா நீங்களே கையெழுத்துப் போடணும்."

ஜைதூன் பீயின் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டில் பாதி நாள் அடுப்பு எரிவதே இந்த மைதானத்துக் கல்யாணங்களால்தான். "யோசிச்சுப் போடுங்க" என்றாள்.

பாய் கபடியை ஒரு தரம் பார்த்தார். போட்டுவிட்டார்.

வேலி வந்தது, குழாய் வந்தது. அடுத்த வருஷம் பாயின் ஒரே மகள் ஷகீலாவுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவர், தன் மகளுக்குச் சந்துக்குள் சுவரோடு சுவராக, நாலு முழ அகலத்தில் போட்டார். சம்பந்தி வீட்டார் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அவ்ளோ பெரிய மைதானம் பக்கத்துலயே இருக்க, இது என்ன பாய்?" என்று மாப்பிள்ளையின் மாமா முணுமுணுத்தார்.

நூர் பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "அங்கே இடமில்லீங்க. ஜனங்க விளையாடிக்கினு கீறாங்க."