சீர்த்தட்டில் வெள்ளை மெஷின்

பழுது என்று வருகிறவன் பழுதான பொருளைக் கையோடு கொண்டுவருவான். அதுதான் ஊர் உலக வழக்கம். பூம்பாறை பழனிச்சாமியோ அன்று காலை கொடைக்கானல் நாயுடுபுரத்து எலக்ட்ரானிக் கடைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து நின்றார். வெளியே தூறல். தலையில் போட்டிருந்த துண்டை எடுக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. கடைக்குள்ளே ஏதோ ஒரு ரிமோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த தனசேகர், முகத்தைப் பார்க்காமலேயே, "வாங்கண்ணே, சடங்கெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"முடிஞ்சுதுப்பா. எம்மானமும் சேந்து முடிஞ்சுது."

தனசேகர் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

நடந்தது இதுதான். பழனிச்சாமியின் தங்கை மகாதேவியைக் கன்னிவாடியில் கட்டிக்கொடுத்திருந்தது. பூண்டு விலை படுத்த வருஷங்களில் அண்ணனால் தீபாவளிச் சீரும் செய்ய முடியவில்லை, பொங்கல் சீரும் செய்ய முடியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மகாதேவியின் ஓரகத்தி பாப்பம்மாள் அவளை ஊசியால் குத்துவதுபோலக் குத்திக்கொண்டிருந்தாள். பாப்பம்மாளின் அண்ணன்மார் மூன்று பேர். ஒவ்வொரு விசேஷத்துக்கும் வேன் பிடித்துச் சீர் இறக்குகிறவர்கள். இந்த வருஷம் பூண்டு கைகொடுத்தது. தங்கை மகள் சண்முகவள்ளி பெரியவளானாள். தாய்மாமன் விட்ட சீரையெல்லாம் சேர்த்துச் செய்துவிடுவது என்று பழனிச்சாமி துணிந்தார். பட்டு, பாத்திரம், நகை எல்லாம் பெரியவர்கள் பார்த்து எடுத்தார்கள். "ஒனக்குன்னு என்னத்தா வேணும்?" என்று மாமன் கேட்டபோது, கொடைக்கானல் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்ன, புதிதாக வந்திருக்கிற, கேமரா வைத்த மடக்கு கேம் மெஷின். அதில் ஒரு முயல் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற ஆட்டம். அத்தனை தட்டிலும் அவள் வாய்விட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்ட பொருளைக் கொடைக்கானலில் வாங்க வேண்டுமென்றால் தனசேகரிடம்தான் வர வேண்டும். அப்பன் சூசைமுத்து இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பிள்ளை இங்கேயே பிறந்தும் ஊருக்கு இன்னமும் 'சிலோன்காரர் மகன்'தான். பெரியம்மா மகன் யோகேஷ் சிங்கப்பூரில் ஒரு எலக்ட்ரானிக் கடையில் வேலை பார்த்தான். அவன் வழியாக ஜப்பான் மெஷின்கள் வரும். கேசட்டுகள் இங்கிலீஷில் வேண்டும் என்பதால் அவற்றைத் தனசேகர் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைத்து வாங்குவான். கேசட் என்று பேர்தானே தவிர, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த மெஷினும் இந்தக் கேசட்டும் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். மனுஷருக்குத்தான் பாஸ்போர்ட்டு, விளையாட்டுக்கு ஏது என்று தனசேகர் சிரிப்பான். அவன் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

அவனுக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. எந்தப் பெட்டியானாலும் வாங்குகிறவர் கண்முன்னால் பிரித்து, கேசட்டைப் போட்டு, ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பான். ஓடாததை ஓடும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வந்தேறி வீட்டுப் பையன் கடை வைத்தால் அந்தப் பேர் ஒன்றுதான் முதல் என்று அவனுக்குத் தெரியும். சீருக்கு வாங்க வந்த அன்று பழனிச்சாமியிடமும் பிளேடை எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஏலே, ஏலே! சீருக்குப் போற சாமானப் பிரிக்கலாமாடா? கட்டுப் பிரிஞ்சா எவனோ பொழங்குன எச்சச் சாமான்னு ஒரே வார்த்தையில சொல்லிப்புடுவாளே அவ!"

அதுவும் ஞாயம்தான். புது மாடலில் அப்போது வந்திருந்ததும் அந்த ஒன்றுதான். மற்றவை பார்சலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. வேறொன்றில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. பிளேடை மடக்கி வைத்தான். பழனிச்சாமி பெட்டியின் மூலையில் மஞ்சள் தடவி வாங்கிக்கொண்டு போனார்.

சடங்கு வீட்டில் ஆரத்தி முடிந்து, தட்டுகளை இறக்கி, நாலு பேர் பார்க்கப் பெட்டியைப் பிரித்தார்கள். வெள்ளை மெஷின் பளபளவென்று விரிந்தது. கேசட்டைப் போட்டாள் சண்முகவள்ளி. ஓடவில்லை. ஊதிப் போட்டாள். ஓடவில்லை. ஏதேதோ அமுக்கியதில் கேமரா திறந்து அவள் முகமே திரையில் தெரிந்தது. பாப்பம்மாள் சபை நடுவே சிரித்தாளாம். "பூம்பாறை மாமன் மொகம் பாக்குற கண்ணாடி கொண்டாந்திருக்காக. இத எங்கூருச் சந்தையிலயே வாங்கிருக்கலாமே!"

"அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ளயே கெடக்கு தம்பி" என்றார் பழனிச்சாமி. "எந்தங்கச்சி ஒரு வார்த்த பேசல. பந்தியில எனக்கு எல போட்டவ, என் மொகத்தப் பாக்கல."

தனசேகருக்குக் காது சூடாகிவிட்டது. முந்தின நாள்தான் பார்சல் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு பெட்டியைக் கிழித்து, அதே ஆட்டத்தின் இன்னொரு கேசட்டைப் போட்டான். கறுப்புத் திரையில் ஜப்பான் எழுத்தில் இரண்டு வரி வந்து நின்றது. எடுத்துப் போட்டான், வேறு பெட்டியைப் பிரித்தான், அதே இரண்டு வரி. படிக்கத் தெரியாவிட்டாலும், முடியாது என்று சொல்கிறது என்பது புரிந்தது. எந்தப் பாஷையிலும் அந்த வார்த்தைக்கு ஒரே முகம்தான். சிங்கப்பூருக்குப் போனைப் போட்டான்.

"யோகேசு, புது மாடல்ல அமெரிக்கா கேசட்டு ஓட மாட்டேங்குதேடா?"

"ஆமாண்டா. இதுல லாக்கு வச்சிட்டான். புதுக் கேசட்டெல்லாம் நாடு பாத்துத்தான் ஓடும். ஜப்பானுக்கு ஜப்பான், அமெரிக்காவுக்கு அமெரிக்கா."

"இத முன்னாடியே சொல்ல ஏலாதா ஒனக்கு?"

"நீ கேக்கவே இல்லையே."

போனை வைத்த தனசேகர் பிரித்துப்போட்ட பெட்டிகளை மாறி மாறிப் பார்த்தான். மெஷின் அசல். கேசட் அசல். இரண்டையும் முறையாக வாங்கினான். திருட்டு சீடி விற்கிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அசல்தான் வேண்டும் என்று கடல் தாண்டிச் சொல்லிவைத்து வாங்குகிறவன் வாசலில்தான் கொண்டுவந்து பூட்டைத் தொங்கவிடுகிறார்கள். யாருக்காக இந்தப் பூட்டு? கன்னிவாடியில் ஒரு பிள்ளை முயலுக்கு வண்டி ஓட்டினால் எந்த ராஜ்யம் கவிழ்ந்துவிடும்? அவனுக்கு அந்தப் பெட்டிகளை அப்படியே பள்ளத்தில் தூக்கி வீசலாம் போல ஆத்திரம் வந்தது.

"பூட்டுதானய்யா?" என்றார் பழனிச்சாமி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும். "திண்டுக்கல்லுல எந்தப் பூட்டையும் தொறக்க ஆளு இருக்கு. கூட்டிட்டுப் போவமா?"

"இது அந்தப் பூட்டு இல்லண்ணே. அங்கயே, செய்யுறப்பவே வச்சு அனுப்புறானுங்க. ஒடைக்க ஏலாது. இந்த ஆட்டத்துக்கு ஜப்பான் கேசட்டும் போடல. அமெரிக்கா மெஷின் ஒண்ணு வரவச்சு மாத்திக் குடுத்துர்றேன். வீட்டுல இருக்கறத எடுத்துட்டு வாங்க."

"வச்ச சீரத் திருப்பி எடுத்துட்டு வரவா? நல்லாருக்குய்யா நீ சொல்றது! சீர் வச்சவன் அதத் திருத்தப் போனா, நொள்ளச் சீருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். நீ போ. கம்பெனியில இருந்து பாக்க வந்தேன்னு சொல்லு. வெரசா முடி."

அமெரிக்க மெஷின் சென்னை வழியாகக் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்த தனசேகர் தலையில் கைவைத்தான். நீலம். அமெரிக்காவுக்கு வெள்ளை அனுப்பவில்லையாம், நீலமும் கறுப்பும்தானாம். சடங்கு வீட்டுக்குக் கறுப்பைக் கொண்டுபோவதற்கு நீலம் எவ்வளவோ மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தான். வத்தலக்குண்டில் இறங்கி ஸ்வெட்டரைக் கழற்றினான். செம்பட்டியில் வண்டி மாறினான். கன்னிவாடி வெயிலில் நடக்கும்போது, என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்ததெல்லாம் வேர்வையோடு போய்விட்டது.

மகாதேவி சந்தேகமாகத்தான் பார்த்தாள். பழனிச்சாமி பேரைச் சொன்னதும் கதவை விரியத் திறந்தாள். லீவுக்கு வந்திருந்த சண்முகவள்ளி உள்ளறையிலிருந்து வெள்ளை மெஷினை எடுத்துவந்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை. தனசேகர் கேசட்டை அதிலிருந்து எடுத்து நீலத்தில் செருகிக் கொடுத்தான்.

ஓடியது. சத்தமும் பாட்டுமாக ஓடியது. முயல் வண்டியில் ஏறி உட்கார்ந்து காதை ஆட்டியது. "அம்மா, வருது! வருதும்மா!" என்று அவள் கத்திய கத்தலில் தனசேகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் மலையை இரண்டு தரம் உருண்டு விழுந்து, மூன்றாவது தரம் ஏறி முடித்தாள். இடதுபக்கம் பாலம், அப்புறம் வலதுபக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு, அப்புறம் ஒரு தாவல். மகாதேவி மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று தனசேகர் பார்த்துக்கொண்டே இருந்தான். நின்றது நீல நிறத்தைப் பார்த்தபோது.

"வெள்ளையில ஓடாதா தம்பி?"

"ஓடாதுங்கக்கா. எப்பவும் ஓடாது. இத வச்சுக்கங்க, அத நான் எடுத்துட்டுப் போயிர்றேன்."

"அண்ணன் வச்ச சீரு இந்த வீட்ட விட்டுப் போகக் கூடாது."

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்."

"வெள்ளையில வந்தது நீலமா எப்பிடிடி மாறுச்சுன்னு அவ கேப்பா. ரெண்டு எதுக்குன்னு கேப்பா. மொத வச்சது செத்த சாமான், அதான் ரெண்டாவது வந்துச்சும்பா. எங்கண்ணன் அத்தன வருசம் கழிச்சு நிமுந்து இந்த வாசலுக்கு வந்துச்சு தம்பி. மறுபடியும் அவ வாயில போட்டு மெல்ல விட மாட்டேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "வள்ளி, அதக் குடுத்துரு."

சண்முகவள்ளி கொடுக்கவில்லை. மகாதேவி கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் பெண் தானே கேசட்டை எடுத்து வெள்ளையில் செருகினாள். நீலத்தை மடக்கித் தனசேகர் கையில் வைத்தாள். அவன் அதைத் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். எதையோ திருடிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்து இதற்குப் பூட்டு வைத்தவனை, தன் அம்மா இலங்கைத் தோட்டத்து லயத்துக் குடியிருப்பில் கற்றுக்கொண்டு வந்த வசவு அத்தனையும் சேர்த்து மனசுக்குள் திட்டினான். திட்டி என்ன, பூட்டா திறக்கப் போகிறது?

"ஒண்ணு மட்டும் செய்யுங்க" என்றாள் மகாதேவி. "அவ கேட்டா, ஓடுதுன்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. பாப்பம்மாள் கையில் முறத்தோடு உள்ளே வந்தாள்.

"யாருடி இது? சத்தமா கெடந்துச்சே?"

"கம்பெனியில இருந்து வந்திருக்காக. பேட்டரி சரியா மாட்டாம இருந்துச்சாம். அதான் அன்னிக்கு ஓடலயாம்" என்றாள் மகாதேவி.

பாப்பம்மாள் மெஷினைப் பார்க்கவில்லை. தனசேகரைத்தான் பார்த்தாள். "ஏப்பா, இப்ப ஓடுதா?"

ஓடாததை ஓடும் என்று ஒரு நாளும் சொல்லாதவன் தோள்பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டான். மகாதேவி அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுதுங்கக்கா."

"சத்தத்தக் காணமே?"

"சத்தத்தக் கொறச்சு வச்சிருக்கேன் பெரியம்மா" என்றாள் சண்முகவள்ளி. முறத்தோடு வந்தவள் எட்டிப் பார்க்க முடியாதபடி, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற தனசேகருக்கு மட்டும் திரை தெரிந்தது. அசையாத அந்த இரண்டு வரி. அவள் கட்டைவிரல்கள் அமுக்கிக்கொண்டே இருந்தன. பாலத்தில் இடதுபக்கம் சாய்ந்தாள். கொண்டை ஊசி வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு வலதுபக்கம் திரும்பினாள். தாவலுக்கு மெஷினை இரண்டு கையாலும் மேலே தூக்கினாள்.